புதன்கிழமை வாருங்கள், களர்க்காட்டைத் தருகிறேன்

வெள்ளகோவில்,
ஞாயிறு காலை

மரியாதைக்குரிய மச்சான் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, லட்சுமணசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், தங்கள் தங்கை லட்சுமியம்மாளும், எருமையும் நலம். கருமத்தம்பட்டியில் தாங்களும் தறிகளும் நல்ல ஓட்டத்தில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கோழிப்பண்ணை போட மூன்று வருடமாகக் கேட்கிறீர்களே, அந்த இரண்டு ஏக்கர் களர்க்காட்டைத் தந்துவிடுகிறேன். உப்பு மண்ணோடு இனி மல்லுக்கட்டத் தெம்பில்லை. ஜிப்சம் போடச் சொன்னார்கள், போட்டேன். தண்ணீர் கட்டி வடிக்கச் சொன்னார்கள், வடித்தேன். மண்ணுக்கு உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ விட்டதும் மடக்கி உழச் சொன்னார்கள். பூத்த பயிரை உழுகிற கிறுக்கனைப் பார்க்க ஊரே வரப்பில் நின்றது. வெள்ளை பூத்த மண் கொஞ்சம் கறுத்தது என்னவோ உண்மைதான். அப்புறம் வேளாண்மை அதிகாரி சாஜிதா பேகம், "ஏனுங்க, ஒரே பயிரை நம்பாதீங்க, மாத்தி மாத்திப் போடோணும். மண்ணைக் கொண்டாங்க, டெஸ்ட்டு பண்ணிப்போட்டுச் சொல்றேன்" என்றார். மஞ்சப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்த அறிக்கையில், அடேங்கப்பா, உப்பே கிடையாதாம், எது போட்டாலும் விளையுமாம்! நம்பிப் போட்ட அவரை எட்டு இலை விடுவதற்குள் கருகியது. சின்ன வெங்காயம் நுனி வெந்து படுத்துவிட்டது. கடலை முளைக்கவே கூச்சப்பட்டது. அந்த அம்மாள் நேரில் வந்து, அறிக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது இந்தக் காட்டு மண்ணுதானுங்களா?" என்று என்னையே கேட்கிறார்! படித்தவர்கள் லட்சணம் இவ்வளவுதான் மச்சான். மானக்கேட்டில் மூன்று மாதமாகக் காட்டுப் பக்கமே போகவில்லை. அப்பா கிணறு வெட்டிக் கொடுத்த காடு, மனசில்லாமல்தான் தருகிறேன். புதன்கிழமை வாருங்கள்.

அக்காவுக்கு நமஸ்காரம். பேரன் ரித்விக் நூறாண்டு வாழட்டும், தங்கள் தறிகள் நூல் அறாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
லட்சுமணசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "உண்மையையும் எழுதிப்போட்டு ஒட்டுங்க" என்று தலைமாட்டில் நிற்கிறாள். மஞ்சப்பையில் போனது, வரப்புக்கு அந்தப்புறம் இருக்கிற தங்கள் மஞ்சள் காட்டு மண். என் மண்ணைக் காட்ட வெட்கமாக இருந்தது. பெண் பார்க்க வந்தால் பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போடுவதில்லையா? அந்த அம்மாள் வந்துபோன மறுநாளே இவள் எங்கள் மண்ணை அள்ளிக் கொண்டுபோய் அவரிடம் காட்டி, அவர் சொன்னபடி கிணற்றோரம் பீட்ரூட் ஊன்றியிருக்கிறாள். உப்பைத் தாங்குமாம். இப்போது ஒன்றைப் பிடுங்கி வந்து இந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தாள், என் கைமுட்டி அளவு. சிவப்புக் கறைக்கு மன்னிக்கவும். புதன்கிழமை வந்தால் பீட்ரூட் பொரியல் உண்டு, காடு கிடையாது. தங்கள் மண்ணின் அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். எது போட்டாலும் விளையுமாம். கோழியை அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.