மாவேலியைக் கவிழ்த்த மூன்று வயர்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்ததும், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். பார்த்தால் மட்டும் மனசு ஆறாது. சாவியைப் போட்டு ஒரு திருகு திருகியும் பார்ப்பேன். இப்படி, ஒழுங்காகப் பூட்டியிருந்த வீட்டை நானே திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போன நாட்கள் உண்டு. இந்த வியாதி எனக்குப் பிறவியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அது ஊரறிய வெளிப்பட்டது ஓர் ஓணத்தன்று, ஒரு பொம்மைப் படகின் மூலமாக.

அப்போது கேரளாவில், பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ட்ரயல் எலக்ட்ரீஷியன். மலைக்குக் கீழே கம்பம் ஊரில் ஐடிஐ முடித்துவிட்டு வந்திருந்தேன். அதே பேக்டரியில் என் அப்பா முருகையா முப்பது வருஷமாக ஃபேன் ஓட்டுகிறவர். பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, ஃபேன் காற்றில் வாட்டுவார்கள். காற்று ஒரே பக்கமாக அடித்தால் அடியில் இருக்கும் இலை காய்ந்து, மேலே இருப்பது பச்சையாகவே கிடக்கும். அதனால் அவ்வப்போது ஃபேனைத் திருப்பி ஓட விடவேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அது பாதி நாள் வேலை செய்யாது. ஆகவே எங்கள் பேக்டரியில் எல்லோரும் ஒரு வித்தை கற்று வைத்திருந்தார்கள்: மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால், மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கூட்டிப் பெருக்க வருகிற அக்காவுக்கும் இது தெரியும்.

அப்பா அந்த டிசம்பரில் ரிட்டையர் ஆகவேண்டும். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடு எஸ்டேட்டுடையது. குடும்பத்தில் ஒருவராவது நிரந்தர வேலையில் இருந்தால்தான் வீடு நம்மிடம் இருக்கும். அம்மா அடிக்கடி சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெர்மனென்ட் ஆகியே தீரவேண்டும்.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் தொரை என்னைக் கூப்பிட்டார். அவர் மேஜைமேல் இரண்டடி நீளத்தில், மூக்கு கூராக ஒரு ரேஸ் படகு கிடந்தது. ரிமோட்டில் ஓடுவது. குமுளியில் யாரோ ரிசார்ட்காரரிடம் பழசாக வாங்கியிருந்தார். பக்கத்து எஸ்டேட் மேனேஜர் புதுசாக ஒன்று வாங்கிவிட்டாராம். ஓணத்தன்று நம் குளத்தில் இரண்டுக்கும் போட்டி.

"செல்வி, இதுல பழைய மோட்டார். ஆமை மாதிரி போகுது. புது மோட்டார், புது பேட்டரி எல்லாம் வரவழைச்சிருக்கேன். மாத்தி, நல்லா ட்யூன் பண்ணிக் குடு."

"சார், என் ட்ரயல் முடியுது..."

"ஓணத்துக்கு போட் ஓடட்டும். பார்க்கலாம்."

இந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

பழைய மோட்டாருக்கு இரண்டு வயர். புது மோட்டாருக்கு மூன்று. அதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வயர் மோட்டார்தானே, முப்பது வருஷமாக எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுவதே அதுதானே! பழையதைக் கழற்றினேன். புது மோட்டாரின் தண்டை ப்ரொப்பல்லர் தண்டோடு ஒரே நேர்கோட்டில் நிறுத்த மூன்று சாயங்காலம் போனது (முதல் நாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாகப் புகார்). மோட்டாரைக் குளிர வைக்கத் தண்ணீர் போகும் குழாய் உடைந்திருந்தது. குமுளிக்குப் பஸ் ஏறிப்போய், மீன் தொட்டிக் கடையில் காற்றுக் குழாய் வாங்கி வந்து மாட்டினேன். பேட்டரியை முன்னால் வைத்தால் படகு மூக்கால் தண்ணீர் குடித்தது, பின்னால் வைத்தால் அண்ணாந்து வானம் பார்த்தது. வீட்டில் துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் மிதக்கவிட்டு, விரலால் அளந்து அளந்து நடுவில் ஓர் இடம் கண்டுபிடித்தேன்.

ஓணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் குளத்தில் வெள்ளோட்டம். ஷிஃப்ட் முடிந்த பாதி பேக்டரி கரையில் நின்றது. அப்பா இருந்தார். தலைமை ஃபிட்டர் தங்கச்சன் சேட்டன் இருந்தார். பெரிய தொப்பையும் அதைவிடப் பெரிய மனசும் உள்ளவர். அந்தத் தொப்பைக்காகவே வருஷா வருஷம், பாதாளத்திலிருந்து ஓணத்துக்கு ஊர் பார்க்க வரும் மாவேலி ராஜா வேஷம் அவருக்குத்தான்.

ரிமோட்டை அழுத்தினேன். படகு கிளம்பியது. பின்பக்கமாக.

"எந்தா மோளே, இது ரிவர்ஸ்ல போகுதே?" என்றார் தங்கச்சன் சேட்டன்.

நான் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். நானும் படகைத் தாவணிக்குள்... இல்லை, அன்று சுடிதார்தான், துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும், யாரும் பார்க்காத நேரத்தில் படகின் மூடியைத் திறந்து, மஞ்சள் வயரையும் நீல வயரையும் இடம் மாற்றினேன். மூடியை டேப் ஒட்டி அடைத்தேன். அரை நிமிஷ வேலை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், முதலில் தப்பாகக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். ஐடிஐ படித்த பெண் அப்படியெல்லாம் ஒப்புக்கொள்ளலாமா?

மறுநாள் காலை படகை பேக்டரி வொர்க்‌ஷாப் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, குளக்கரையில் மைக் செட்டுக்கு லைன் இழுக்கப் போனேன். பத்து மணிக்கு வந்து, பேட்டரி மாட்டுவதற்காக மூடியைத் திறந்தேன்.

வயர்கள் நான் விட்ட மாதிரி இல்லை. நான் மாற்றியது மஞ்சளும் நீலமும். இப்போது நீலம் தன் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் இடம் மாறியிருக்கின்றன.

நேற்று நான் மாற்றினேனா? மாற்றவேண்டும் என்று நினைத்தேனா? நினைத்துக்கொண்டே தூங்கி, கனவில் மாற்றினேனா? டேப் ஒட்டியது ஞாபகம் இருந்தது. ஆனால் டேப்பும் நான் ஒட்டியதைவிட நேர்த்தியாக இருந்தது. சிவப்பை நான் தொடவே இல்லையே. ஒருவேளை ஆரம்பத்திலேயே சிவப்பைத் தப்பாகக் கொடுத்திருந்தேனோ? அப்படியானால் நேற்று எதைத்தான் மாற்றினேன்? யோசிக்க யோசிக்க, என் பெயர் செல்விதானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. தண்ணீரில் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் கருகிவிடும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது (ஒரு நொடி சுற்றினால் ஒன்றும் ஆகாது என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பிறகு தெரிந்தவை ஏராளம்). வெளியே மைக்கில் தொரை பெயரும் பக்கத்து எஸ்டேட் தொரை பெயரும் கேட்டன. எதற்கும் இருக்கட்டும் என்று, மஞ்சளையும் நீலத்தையும் மாற்றிவிட்டு மூடினேன்.

குளத்தில் வாழை மரங்களைக் கட்டித் தெப்பம் செய்திருந்தார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் கிரீடமும் ஓலைக்குடையுமாக மாவேலி தங்கச்சன். தன் பிரஜைகளுக்குக் கையசைத்தபடி, படகுகள் கிளம்பும் இடத்துக்கு நேர் பின்னால் மிதந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். கூட்டத்தில் நின்ற அப்பாவும் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினார். இருவருக்கும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அம்மா முன்வரிசையில் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

விசில் ஊதியதும் பக்கத்து எஸ்டேட்டின் சிவப்புப் படகு சீறிக்கொண்டு போனது. நம் படகும் கிளம்பியது, பின்னால்.

கையை எடுத்திருந்தால் நின்றிருக்கும். நான் இன்னும் அழுத்தினேன். வேகம் போதாமல்தான் முன்னே வரவில்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது (ஏன் என்று கேட்காதீர்கள்). இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போனது. மாவேலியிடமிருந்து விலக்கத் திருப்பத் திருப்ப, அது மாவேலியையே தேடிப் போனது. சேட்டன் தெப்பத்திலிருந்து குனிந்து ஓலைக்குடையால் அதைத் தள்ளிவிடப் பார்த்தார். நாற்காலி வழுக்கியது. அடுத்த நொடி கிரீடம் மட்டும் மிதந்தது. மாவேலி மன்னர் மறுபடியும் பாதாளம் போனார்.

நல்லவேளை, இடுப்பளவு தண்ணீர்தான். எழுந்து நின்று, வாயில் இருந்த குளத்தைத் துப்பிவிட்டு அவர் கத்தினார்:

"அதெப்படி? காலையில ஞானே வயரை மாத்தி வச்சேனே!"

கரையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நீ எதுக்குய்யா மாத்துன? வெள்ளென அஞ்சு மணிக்கே நான் மாத்தி வச்சிட்டனே!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தொரை என்னைப் பார்த்தார். மைக் என் பக்கத்தில்தான் இருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"நான்... நேத்து சாயங்காலமே மாத்திட்டேன்ப்பா," என்றேன். மலை முழுக்கக் கேட்டது. "இன்னைக்கும் ஒரு தடவை."

தொரை விரலை மடக்கி எண்ணினார். "செல்வி ரெண்டு. முருகையா ஒண்ணு. தங்கச்சன் ஒண்ணு. நாலு." கொஞ்ச நேரம் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப யாருமே மாத்தலேன்னு அர்த்தம்."

கரை முழுக்கச் சிரித்தது. பக்கத்து எஸ்டேட் தொரை சிரித்ததில் அவர் படகு புதரில் போய்ச் சொருகிக்கொண்டது. நம் படகு பின்பக்கமாகத் தண்ணீர் குடித்துக் குடித்து, பெருமூச்சு விட்டபடி முங்கியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் அப்பாவிடம் பாய்ந்தேன்.

"மாத்துனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ தப்பாக் குடுத்தேன்னு ஆயிருமேத்தா," என்றார் அப்பா. "படிச்ச பிள்ள. சங்கடப்படுவேன்னுதான் டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு மாத்துனேன்."

தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு அழுதபடியே ஏறினேன். அப்பா கொஞ்சம் பின்தங்கி, பீடியைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் தொரை கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்துப் போனேன். அவர் மேஜையில் படகு இல்லை. பேக்டரியின் பழைய ரிப்போர்ட்டுகள் விரித்துக் கிடந்தன.

"ஆறு மாசமா அப்பப்போ கொழுந்து அடியில கருகுது, மேல பச்சையா நிக்குது. ஃபேன்காரன் திருப்பிட்டேன்னு சொல்றான், ஃபிட்டர் திருப்பிட்டேன்னு சொல்றான். எவன் பொய் சொல்றான்னு தேடிட்டிருந்தேன்." நாற்காலியில் சாய்ந்தார். "ஒருத்தனும் பொய் சொல்லல. ஒருத்தன் திருப்புனத அடுத்தவன் திருப்பியிருக்கான். நேத்துக் குளத்துல பார்த்தப்பதான் விளங்குச்சு."

பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு ஃபேனுக்கும் ஓர் அட்டை. வயரில் கைவைக்கிறவர் அதில் 'மாத்தியாச்சு' என்று பெயரும் நேரமும் எழுதித் தொங்கவிட வேண்டும். அட்டையைப் படிக்காமல் யாரும் தொடக்கூடாது. அந்த அட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. இலை கருகுவது நின்றது. நவம்பரில் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அம்மா அதை வாங்கிச் சுவரில் ஒட்டவே பார்த்தாள். அதே வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம்.

அப்பா ரிட்டையர் ஆகும்போது ஒரு கட்டு வெற்று அட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சமையலில் அம்மாவுக்கு உதவுகிறேன் என்று இறங்கியவர், முதல் வாரமே சாம்பாருக்கு அம்மா ஒரு தடவை, அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று உப்பு விழுந்ததும், குண்டானின் காதில் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். குண்டானில் அட்டை தொங்கியது. 'உப்பு போட்டாச்சு. முருகையா. காலை 10.20.' அப்பா கையெழுத்துதான். இரண்டு தடவை படித்தேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எழுதியிருக்கிறார், சரி. ஆனால் போட்டுவிட்டு எழுதினாரா, போடவேண்டும் என்று எழுதினாரா?

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை போட்டேன்.

மத்தியானம் முதல் கவளத்தை வாயில் வைத்த அப்பா, மென்று முடிக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அம்மாவிடம் சொன்னார்:

"மாவேலி விழுந்துட்டாரு."