பாசித் தொட்டிக்கு நான் கொடுத்த நற்சான்று

பட்டம் வாங்கிய புதிதில் மனிதனுக்குக் குனிய வராது. (முதுகெலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை, தலையில்தான்.) எனக்கும் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், கோயம்புத்தூரில் ஒரு மில்லின் சாயப் பிரிவில் தண்ணீர் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று காரமடையில் பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். பெண் சரோஜாவை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அதற்கே ராத்தூக்கம் போயிருந்தது. சரியாக ஆறாவது மாதம், முதலாளி என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்.

வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் மெட்ராசிலிருந்து வரவழைத்த பன்னிரண்டு தங்கமீன்கள் இருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்ததால் நம்பித்தான் ஆகவேண்டும்.

"பாய்லர் தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்றீங்களல்ல, இதையும் பாருங்க தம்பி. பாசி ஏன் வருது, என்ன பண்ணோணும்னு எழுதிக் குடுங்க" என்றார் முதலாளி.

நானே ஒரு பாட்டில் மொண்டிருக்கலாம். பி.எஸ்ஸி. படித்தவன் தொட்டியோரம் குந்தி உட்காருவதா? தோட்டக்காரர் மாரப்பனிடம் பாட்டிலைக் கொடுத்து, தண்ணீரை மில்லுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

பாட்டில் வந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரத்தன்மை பார்த்தேன், உப்பு பார்த்தேன், கடினத்தன்மை பார்த்தேன். எல்லாமே பிரமாதம். கண்ணால் பார்த்த பச்சைக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுதினேன்: 'தொட்டி நீர் மிகத் தூய்மையானது. பாசி இல்லை. பச்சையாகத் தெரிவது அருகிலுள்ள வேப்பமரத்தின் பிரதிபலிப்பு. குடிப்பதற்கும் உகந்தது.' (கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. ஆர்வக்கோளாறு.)

மறுநாள் காலை தொட்டியருகே வரச் சொன்னார்கள். முதலாளி, அவர் மனைவி, மாரப்பன் மூவரும் நின்றிருந்தார்கள். முதலாளி கையில் என் அறிக்கை.

"ஏனுங் தம்பி, இது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

"ஆமாங்க."

"மாரப்பா, தொட்டில ஒரு டம்ளர் மொண்டு தம்பிக்குக் குடு."

டம்ளரில் அருகம்புல் சாறு போல ஒன்று வந்தது. "அய்யோ, வேண்டாமுங்க கண்ணு!" என்று அந்த அம்மாள் தடுத்தார். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் ஒப்புக்கொண்டால் வேலை போகும், வேலை போனால் சரோஜா போவாள் என்று பயந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி டம்ளரைக் குடித்தேன்.

மாரப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட சாமி, குடிச்சே போட்டீங்களா! நான் பாட்டில்ல புடிச்சது சிறுவாணிக் கொழாய்த் தண்ணியாச்சுங்களே!"

"எதுக்குங்க?" என்றேன்.

"லேபரட்டரிக்குப் போற தண்ணீங்க. இந்த நாத்தத் தண்ணியக் குடுத்துவுட்டா மருவாதியா இருக்குமுங்களா? அதான் பாட்டிலை நல்லாக் கழுவி, கொழாய்ல புடிச்சேன்."

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். முதலாளி சிரிக்கவில்லை. "இனி வாராவாரம் நீங்களே குந்தி உக்காந்து மொண்டு பாருங்க" என்றார்.

மூன்று நாள் வயிறு என்னைக் குந்தத்தான் வைத்தது. நான்காம் நாள் தொட்டித் தண்ணீரை நானே எடுத்துச் சோதித்தேன். சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டதும் ரோஜா நிறத்துக்கு மாறியது. அவ்வளவு காரம். ரோஜாப் பாத்தியின் எருத்தண்ணீர் தொட்டிக்குள் வடிந்துகொண்டிருந்தது. அம்மாள் வேளாவேளைக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க வெயில் வேறு. பாசிக்கு வேறென்ன வேண்டும்? எருவைத் தடுத்தோம், பொரியைக் குறைத்தோம், தென்னங்கீற்றில் நிழல் போட்டோம், வாரம் கால் தொட்டித் தண்ணீரை மாற்றினோம். ஒரு மாதத்தில் மீன்கள் தெரிந்தன. எண்ணினால் பதினொன்று. (பன்னிரண்டாவதைப் பற்றி நான் யோசிக்க விரும்பவில்லை.)

"இனிமே பாக்காம கையெழுத்துப் போடமாட்டாரு, வெச்சுக்கலாம்" என்று முதலாளி மேனேஜரிடம் சொன்னாராம். வேலை நிரந்தரமானது.

அந்தச் சந்தோஷத்தோடு நாள் குறிக்கக் காரமடைக்குப் போனேன். எனக்கு முன்பே கதை போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவர்கள் நிறைந்த கூடத்தில், சரோஜா தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாமக் குடிங்க. கெணத்துல நானே சேந்துனதுங்க."

கூடமே சிரித்தது. இன்றும் எங்கள் வீட்டில் நான் தண்ணீர் கேட்டால், பேத்தி வரைக்கும் அதைச் சொல்லாமல் யாரும் டம்ளரை நீட்டுவதில்லை.