கழற்றி மாட்டும் கழுத்து

நாலு ஸ்குரூவில் மூன்று சமர்த்தாக உள்ளே போய்விட்டன. நாலாவது கையிலிருந்து நழுவி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உருண்டு ஓடிவிட்டது.

கண்ணாடிக்காரர் மண்டியிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தார். இருபத்தெட்டு வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எறும்புத் தலை அளவு ஸ்குரூவைக்கூடத் தரையைத் தடவியே எடுத்துவிடுவார். இப்போது விரல் நீளத்து ஸ்குரூ ஒன்று அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

மேலே மனைவியின் குரல் கேட்டது. "தட்டு வைக்க இடமில்ல. இந்தப் பக்கம் கழுத்து, அந்தப் பக்கம் உடம்பு. இது வீடா, பிரேதப் பரிசோதனை பண்ற இடமா?"

"எலெக்ட்ரிக் கிட்டார் இப்படித்தான் பெட்டியில வரும். பின்பக்கம் நாலு ஸ்குரூ போட்டா ரெண்டும் சேர்ந்துடும். சரியில்லன்னா கழட்டி மறுபடி மாட்டிக்கலாம். அதுதான் இதோட விசேஷமே."

"சரியில்லன்னா கழட்டிக்கலாம்னு முப்பது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு யாரும் சொல்லலையே!"

கண்ணாடிக்காரர் பதிலுக்கு நிமிர்ந்தார். மேஜை மண்டையில் இடித்தது. நல்லவேளை, அந்த அதிர்ச்சியில் ஸ்குரூ கண்ணில் பட்டது.

பெட்டியை அனுப்பியது மகள். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டு முப்பது வருஷம் ஆகிறது. "நீங்களே பூட்டி, நீங்களே வாசிங்கப்பா" என்று ஒரு சீட்டும் உள்ளே இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. அந்தக் கல்யாணம் நடந்ததே ஒரு கிட்டாரால்தான்.

கல்லூரியில் ஓர் இசைக்குழு. பாட்டுக்கு மைனா, டிரம்ஸுக்கு இடி, எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இரண்டு பேர். முன்னால் கண்ணாடிக்காரர். பின்னால், கூச்சத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலேயே நின்று வாசிப்பதால் நிழல் என்று பெயர் வாங்கிய ஒருவன். இரண்டு பேருக்கும் ஒரே வாசிப்புதான். அவர்களே சொந்தமாக ஒரு பாட்டும் கட்டினார்கள். பாட்டு சுமார்தான், ஆனால் அதற்கு முன்னால் கிட்டாரில் ஒரு சின்ன ஆரம்பம் வரும். அது தேன்.

ஆண்டு விழாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தேனைக் கேட்டுக் கையெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. மறுநாள் நூலக வாசலில் அவளே வந்து அதைச் சொன்னாள். அப்புறம் என்ன, கதை கல்யாணத்தில் முடிந்தது. அந்தப் பழைய கிட்டார், வீடு மாற்றும்போது பீரோவுக்கு அடியில் மாட்டி அப்பளமாக நொறுங்கியது. அன்றைக்குக் கண்ணாடிக்காரர் அழுத மாதிரி, மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள்கூட அழவில்லை.

இப்போது முப்பத்தோரு வருஷம் கழித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பழைய கூட்டாளிகள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால், அந்த மூன்றாவது வரிசைப் பெண்ணுக்கு அதே ஆரம்பத்தை அதே சத்தத்தில் வாசித்துக் காட்டிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

நாலாவது ஸ்குரூவும் ஏறியது. கம்பிகள் மாட்டி, சுருதி சேர்த்து, மகள் கூடவே அனுப்பிய கைப்பெட்டி அளவு ஸ்பீக்கரில் வயரைச் சொருகி (சொருகாவிட்டால் எலெக்ட்ரிக் கிட்டார் ஊமை), கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பத்தை வாசித்தார்.

தேன் வரவில்லை. தகர டப்பாவைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுவும் போகப் போகக் கீழே இறங்கி, விசும்பலாக முடிந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

விஷயம் இதுதான். கண்ணாடிக் கடையில் அவர் கற்ற முதல் பாடம், ஸ்குரூவை ஒருநாளும் முறுக்கி இறுக்கக்கூடாது. இறுக்கினால் கண்ணாடியின் காதுக்கம்பி மடங்காது. கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும். அந்தப் பழக்கத்தில் கிட்டாரின் கழுத்துக்கும் கொஞ்சம் ஆட்டம் விட்டிருந்தார். கம்பி இழுக்க இழுக்கக் கழுத்து வணங்கிக்கொண்டே வந்தது.

சரி, கழற்றி மாட்டினால் போகிறது. மறுநாள் கடையிலிருந்து இரண்டு மூக்குத் தாங்கிகளை எடுத்து வந்தார். கண்ணாடி மூக்கில் உறுத்தாமல் உட்கார வைக்கிற, மெத்தென்ற சின்னப் பொட்டுகள். கோணல் மூக்குக்கு ஒரு பக்கம் தடிமனாக வைத்தால் கண்ணாடி நேராகிவிடும். அதே வைத்தியத்தைக் கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் செய்தார்.

இப்போது கழுத்து ஊஞ்சலாடியது. இருமினால் ஒரு சுருதி, தும்மினால் இன்னொரு சுருதி.

"ஏங்க, இது மூக்கு இல்லைங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச மாதிரி இல்லையே."

மூக்குத் தாங்கிகளை எடுத்துவிட்டு ஸ்குரூக்களை இறுக்கினார். கம்பிகள் கழுத்துப் பலகையில் பட்டு ‘பிர்ர்’ என்றன. கம்பிகள் உட்காரும் பாலத்தைத் தூக்கினார். கம்பிகள் ஏறிய உயரத்துக்கு அதில் துணி காயப்போடலாம். அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம். பாலத்தை இறக்கினார், மறுபடி ‘பிர்ர்’.

கடையிலும் புத்தி நிலைகொள்ளவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர், கண்ணாடி தளர்ந்திருக்கிறது என்று கொண்டுவந்தார். கண்ணாடிக்காரர் கிட்டார் ஞாபகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கு இறுக்கென்று இறுக்கிக் கொடுத்தார். வேன்காரர் மாலையில் திரும்பி வந்தார்.

"சார், கண்ணாடியைக் கழட்டினா மடங்க மாட்டேங்குது. மாட்டினா காது ரெண்டையும் விடமாட்டேங்குது."

கிட்டாருக்குக் கண்ணாடி வைத்தியம், கண்ணாடிக்குக் கிட்டார் வைத்தியம். மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் மகள் போனில் கேட்டாள். "எப்படிப்பா இருக்கு?"

"சனியன்மா அது! உயிரை வாங்குது."

"திருப்பி அனுப்பிடலாமா?"

"அனுப்பறதா? யாரு அனுப்பச் சொன்னா?" என்று பதறினார் கண்ணாடிக்காரர். பதறிய பிறகு, தான் ஏன் பதறினோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் கழுத்து ஏழு தடவை கழன்று ஏழு தடவை ஏறியது. எட்டாவது தடவை ஸ்குரூக்கள் பிடிக்காமல் சும்மா சுற்றின. மரத்தில் ஓட்டைகள் தேய்ந்துவிட்டன. அதற்கும் வழி இருக்கிறது: பல்குத்தும் குச்சியில் மரப்பசை தடவி ஓட்டையில் அடைத்தால் ஸ்குரூ மறுபடி பிடிக்கும். இது நல்ல வைத்தியம்தான். ஆனால் நம் ஆள், இருக்கிற பயத்தில் பசையைத் தாராளமாக ஊற்றினார். பிதுங்கிய பசை கழுத்தும் உடம்பும் சேருகிற பள்ளமெல்லாம் பரவியது.

சனிக்கிழமை காலை ஸ்குரூக்களை எடுத்துப் பார்த்தார். கழுத்து வரவில்லை. அசைத்தார், ஆட்டினார், கெஞ்சினார். ஊஹும். ஒரு நூல் அளவு இடது பக்கம் சாய்ந்தபடி, ஜென்மத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு?"

"இனிமே கழட்டவே முடியாது. கோணலாவே ஒட்டிக்கிச்சு."

"அப்பாடா!" என்றாள் அவள். "இனிமேயாவது வாசிப்பீங்க. என்கிட்டயும் அப்படித்தானே? முதல் ரெண்டு வருஷம் டீயில சர்க்கரை கூட, குரல் சத்தம் கூடன்னு என்னைத் திருத்திக்கிட்டே இருந்தீங்க. முடியாதுன்னு தெரிஞ்சப்புறம்தான் மனுஷனானீங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அன்று முழுக்க ஸ்குரூ திருப்பியைத் தொடாமல் வாசித்தார். கடைசிக் கம்பியை ஓங்கி அழுத்தினால் பலகை ஓரத்திலிருந்து வழுக்கி விழுந்தது; மெல்ல அழுத்தினால் விழவில்லை. ஐந்தாவது கட்டத்தில் ‘பிர்ர்’ என்றது. விரலை ஒரு மயிரிழை முன்னால் வைத்தால் வாயை மூடிக்கொண்டது. இதற்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தேன் வரவில்லைதான். ஆனால் மத்தியானம் அதைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்தவர், வெயில் படுகிறதே என்று திரும்பி வந்து நிழலில் நகர்த்தி வைத்தார். சமையலறையில் மனைவி அந்த ஆரம்பத்தை முணுமுணுப்பது காதில் விழுந்தது. அவள் அதைக் கோணலாகவே முணுமுணுத்தாள்.

ஞாயிறு நாலு மணி. மைனா வந்தார், தலையில் ஒரு முடி இல்லை, தொண்டையில் மட்டும் அதே கரகரப்பு. இடி வந்தார், முழங்கால் வலி, மாடிப்படி ஏறியதற்கு ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கினார். அவர்களுக்குப் பின்னால், ஒரு பெரிய மரப்பெட்டியை அணைத்துக்கொண்டு வயர் வந்தார். அந்தக் காலத்தில் இவர்களுக்கு மைக் செட் போட்டவர். இவர்களைவிட வயதில் சின்னவர். மேடையில் வயர் இழுப்பது, சொருகுவது, சத்தத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் இவர் கை வேலை.

"அண்ணே, இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே ஸ்பீக்கர் பெட்டி. ஓரத்தில் அதே சிகரெட் சுட்ட தழும்பு.

"இன்னும் வச்சிருக்கியாடா?"

"இதைப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

கண்ணாடிக்காரர் அதைத் தடவிப் பார்த்தார். மண்டபத்து மின்விசிறிகளின் இரைச்சல், திரைச்சீலையின் தூசி வாசனை, கால் நடுக்கம், எல்லாம் ஒரே வினாடியில் திரும்பி வந்தது. குறை இத்தனை நாளும் மகள் அனுப்பிய குட்டிப் பெட்டியில்தான் இருந்திருக்கிறது! அதே விரல், அதே பெட்டி. இனி அந்தத் தேன் எங்கே போய்விடும்?

"நிழல் வரலையாடா?" என்று இடியைக் கேட்டார்.

"கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துட்டான். இப்பவும் போன்ல பேசவே கூச்சப்படறான்."

வயர் பெட்டியைச் சுவரோரம் வைத்துச் சொருகினார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார், கண்ணை மூடினார், வாசித்தார்.

தகர டப்பா. குட்டிப் பெட்டியில் குட்டி டப்பாவாக வந்தது, பெரிய பெட்டியில் பெரிய டப்பாவாக வந்தது. பாதியில் ‘பிர்ர்’. அவசரத்தில் ஓங்கி அழுத்திவிட்டார் போலிருக்கிறது, கடைசிக் கம்பி வழுக்கி விழுந்தது. விழுந்தாலும் விடாமல் முடித்தார்.

இடி குபீரென்று சிரித்தார். "டேய், கோணக் கழுத்துடா இதுக்கு!"

"கோணலா இருந்தா உனக்கென்னடா? நான் பூட்டினது அப்படித்தான் இருக்கும்!" என்று சீறி, கிட்டாரை மாரோடு அணைத்துக்கொண்டார் கண்ணாடிக்காரர். ஆனால் மனைவியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "உனக்கு அதே சத்தத்தை ஒரு தடவை கேக்க வைக்கணும்னு நினைச்சேன். முடியல."

அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கேட்டப்போ கை சிலிர்த்துச்சு. யாரோ பெரிய வித்வான் வாசிக்கற மாதிரி இருந்துச்சு. இது நம்ம வீட்டு ஆள் வாசிக்கற மாதிரி இருக்கு. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அதைவிட இதுதான் பிடிச்சிருக்கு."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "இருந்தாலும் மனசு கேக்கலடா. அதே கை. அதே பெட்டி. அந்தச் சத்தம் மட்டும் எப்படிடா மாறும்?"

மைனா ஜன்னலைப் பார்த்தார். இடி தன் முழங்காலைப் பார்த்தார். வயர் மட்டும், முப்பத்தோரு வருஷ பாரத்தை இறக்கி வைக்கிறவர் போல ஒரு பெருமூச்சு விட்டு, பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"அண்ணி சொன்னதுக்கு அப்புறம் இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? அந்தச் சத்தம் நிழலோடதுண்ணே; உங்க வயரை நான் இந்தப் பெட்டியில சொருகினதே இன்னிக்குத்தான்."