மண்வெட்டி வாங்கிய கோப்பை

மயிலாப்பூரில் வக்கீல் வீட்டில் பிறந்து வக்கீலாகாமல் தப்பித்தவன் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவன்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் மண்வெட்டி.

அட்சராப்பியாசத்தன்று நெல்லைப் பரப்பி எழுத உட்காரவைத்தால், அதை வாரிக்கொண்டு போய்க் கிணற்றடியில் விதைத்தவன். பி.ஏ. பாஸ் செய்த பிறகும் புத்தி மாறவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டுக் கொல்லைப்புற மல்லிகைக் கொடியைப் பார்த்து, "இதுக்கு வெயில் போறாது மாமா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

கிண்டி குதிரைப் பந்தயத்துக்குத் தவறாமல் போவான். செடிக்கு உரமாகக் குதிரை லத்தி பொறுக்கத்தான். ஒருமுறை மூட்டையோடு நாங்கள் ஜட்காவில் ஏறியபோது வண்டிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மூட்டைல இன்னா கீது சாமி?"

"இன்னிக்கு ஜெயிச்ச குதிரையோட லத்தி."

வண்டிக்காரர் யோசித்தார். "அப்டியா? நம்ம குதிரை முன்னால கொஞ்சம் காட்டு நைனா. அதுக்கும் ரோசம் வரட்டும்."

அவன் அப்பா மட்டும் மசியவில்லை. "செடி வெக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமாடா?" என்றார். மண்வெட்டி மன்றாடியதில் கடைசியாக ஒரு தீர்ப்புச் சொன்னார். அந்த வருஷத்துத் தோட்டப் போட்டியில் அவர்கள் வீட்டுத் தோட்டம் பரிசு வாங்கினால் அவன் இஷ்டம். வாங்காவிட்டால் வாயைத் திறக்காமல் லா காலேஜ்.

ராட்சசன் மாதிரி உழைத்தான். போட்டியன்று காலையில் நான் போய்ப் பார்த்தால், தோட்டத்தில் ஒரு பூ இல்லை. ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் மொட்டைக் காம்பாக நின்றன. மண்வெட்டி பூஜை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே பிள்ளையார் தும்பிக்கை வரை பூவில் முழுகியிருந்தார். எதிரே அவன் அப்பா, கையில் கடைசிக் கூடை.

"என்னப்பா பண்ணிண்டிருக்கேள்?"

"நீ ஜெயிக்கணும்னு சஹஸ்ரநாம அர்ச்சனைடா. பேசாம இரு, இன்னும் பாதி நாமம் பாக்கி இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் வாசலில், போட்டிக்கு நடுவராக வந்த வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் வந்து நின்றது. இறங்கிய துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பூ எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

மண்வெட்டி அசரவில்லை. "மயிலாப்பூரில் எந்தப் பூவும் சூரியனைப் பார்த்ததில்லை. விடிவதற்குள் யாராவது பூஜைக்குப் பறித்துவிடுவார்கள். அது தெரிந்துதான் இந்தத் தோட்டத்தை இலையை நம்பிப் போட்டேன். நடந்து பாருங்கள்" என்றான்.

துரை நடந்தார். அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஒருபக்கம் சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன்ஸ், கிணற்றடி நிழலில் பெரணி, நடுவே வளைந்து வளைந்து போகும் புல்பாதை. பூ இருந்த நாளில் இது எதுவுமே என் கண்ணில் பட்டதில்லை. துரை மாமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க மனசில்லாமல் இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டார்.

முதல் பரிசு, வெள்ளிக் கோப்பை. அதைத் தூக்கிக்கொண்டு மறுநாள் கோர்ட்டுக்குப் போனவர் அவன் அப்பாதான். "அர்ச்சனை வீண்போகலை பார்த்தேளா?" என்று ஒரு வக்கீல் பாக்கியில்லாமல் காட்டினார். அப்புறம் அடையாறில் புது பங்களா கட்டுகிறவர்கள் எல்லாம் மண்வெட்டிக்காகக் காத்திருந்தார்கள். லா காலேஜ் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவேயில்லை.

என் வீட்டு வாசலிலும் அவன் ஒரு குரோட்டன்ஸ் வைத்துக் கொடுத்தான். விடிகாலையில் பூப் பறிக்கக் கூடையோடு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். அன்றைக்கெல்லாம் எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.