வெளுக்காத பல்வரிசை

“பல்லெல்லாம் மஞ்சளா தெரியுதே ஐயா” என்றார் பல் டாக்டர்.

மரச்சிற்பிக்கு வந்த கோபத்தில், ஏற்கெனவே வீங்கியிருந்த அவருடைய இடது கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பிவிட்டது. பின்னே, பட்டறைக்கு மேல்மாடியில் புதிதாக வந்திருக்கும் இந்த இளம் டாக்டரின் வாசலில் மாட்டுவதற்காக, இரண்டு கையையும் விரித்துத் தூக்க வேண்டிய அகலத்தில் ஒரு சிரிக்கும் வாயைச் செதுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். கூலி வேண்டாம். பதிலுக்கு, அவரைத் தூங்கவிடாமல் குடையும் கடைவாய்ப் பல்லை டாக்டர் பிடுங்கிவிட வேண்டும். இதுதான் பேச்சு. வாய் வந்து சேர்ந்துவிட்டது, பல் போய்ச் சேரவில்லை.

“பெயிண்டைத் தண்ணியா கரைச்சுதான் பூசுவேன். மரத்தோட வரி தெரியணும். அப்பி வச்சா அதுக்குப் பேரு சுவரு.”

“அது சரிங்க ஐயா. ஆனா பல் டாக்டர் வாசல்ல மஞ்சப் பல்லு தொங்கலாமா? வெளுத்துக் கொண்டாங்க, உடனே பிடுங்கிடலாம்.”

மாடிப்படி இறங்கும்போது அவர் திட்டியது தெருமுனை வரைக்கும் கேட்டது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் சாதாரணமாகத் தொண்டையைக் கனைத்தாலே எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொள்ளும்.

“அடுத்த தெருவுல இன்னொரு பல் டாக்டர் இருக்காராம். அங்க போய்ப் பிடுங்கிட்டு வந்து, அப்புறம் இவர்கிட்ட நிதானமா சண்டை போடுங்களேன்” என்றாள் மனைவி.

“என் வேலையில குறை சொன்னவன் கையாலதான் இந்தப் பல்லு போகணும்.”

எந்தப் பல்லுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?

வெள்ளையைத் தண்ணீர்ப் பாலாகக் கரைத்து, பூச்சின் மேல் பூச்சாகக் கொடுத்தார். பற்களின் நடுப்பகுதி வெளுத்தது. நுனிகளோ மரத்தைக் குறுக்கே வெட்டிய இடங்கள். அங்கே பூசப் பூச மரம் உறிஞ்சிக்கொண்டு, பூசாதது போலவே நின்றது.

“நடுவுல பளிச்சுனு இருக்கு. ஓரமெல்லாம் சொத்தை விழுந்த மாதிரி இருக்கே” என்றார் டாக்டர்.

“மரம் குடிக்குது. நான் என்ன பண்ணட்டும்?”

“இன்னும் கொஞ்சம் குடிக்கட்டுமே.”

குடிக்க வைத்தார். அத்தனை தண்ணீரைக் குடித்த மரம் நார் நாராகச் சிலிர்த்துக்கொண்டது. பல்லுக்கு மீசை முளைத்துவிட்டது. ஆத்திரத்தோடு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். மீசையோடு வெள்ளையும் போனது. திரும்ப வெள்ளை பூசினார். அதே ஆத்திரத்தில் ஈறுக்குச் சிவப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூச, அது வழிந்து பல் இடுக்குகளில் இறங்கியது.

“ஈறுல ரத்தம் வருதே” என்றார் டாக்டர்.

“வரும். இன்னொரு தடவை திருப்பி அனுப்பினா வேற இடத்துலயும் வரும்.”

டாக்டர் நோயாளி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். “வெள்ளை மட்டும் சரியா வந்துட்டா போதும் ஐயா” என்றார் அங்கிருந்தே.

இதற்குள் வீட்டில் புதுச் சட்டம் ஒன்று அமலுக்கு வந்திருந்தது. அவர் கண்ணெதிரே யாரும் எதையும் மெல்லக் கூடாது. மனைவி பாவம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பிஸ்கட் தின்றாள். தின்று முடித்து வெளியே வந்தவள் துணிந்து சொன்னாள்: “கெட்டியா ஒரே அடி அடிச்சு விடுங்க. எவன் வந்து மரத்தோட வரியை எண்ணப் போறான்?”

அவர் முறைத்தார். பல் விண்ணென்று தெறித்தது. கொள்கைக்கும் பல்லுக்கும் நடந்த சண்டையில் பல் ஜெயித்தது.

சுவருக்கு அடிக்கிற வெள்ளை டப்பாவைத் திறந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. வரி, உளித்தடம், நெளிவு எல்லாம் மூழ்கின. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து காய விட்டார். காய்ந்ததும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்தார். பார்த்தால் கண் கூசியது. யாரும் சொல்லாமலே நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, தன் வாயையும் திறந்துகொண்டார்.

டாக்டர் மரவாயை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

“ரொம்ப வெள்ளையாயிடுச்சே ஐயா. மரம்னே தெரியல. முதல்ல வரி தெரியற மாதிரி கொண்டாந்தீங்களே, அதுலதான் உயிர் இருந்துச்சு.”

அதன்பிறகு சிற்பி பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. தெருவில் திறக்காமல் மிச்சமிருந்த ஜன்னல்களும் திறந்தன. டாக்டர் உள்ளறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

“வெளிய வாய்யா. மஞ்சள்னு சொன்ன, சொத்தைன்னு சொன்ன, இப்ப வெள்ளை ஜாஸ்தியா? பல்லைப் பிடுங்காம இன்னிக்கு நான் இறங்க மாட்டேன்” என்று கதவைக் குத்தினார் சிற்பி.

வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண் எழுந்து வந்து, அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“கதவைக் குத்தாதீங்கண்ணே, உங்க பெயிண்டுல முதல் நாள்லேர்ந்தே ஒரு குறையும் இல்ல, பாவம், அவரு இன்னும் ஒரு பல்லுகூடத் தனியா பிடுங்கினதில்ல.”