முன்னுக்கு மூன்று வரி

சுருக்கமாகப் பேசுகிறவனை எல்லோரும் அறிவாளி என்று நம்பிவிடுகிறார்கள். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நம்பியிருந்தேன், திருகோணமலை இறங்குதுறையில் ஒரு மத்தியானம் பிடிபடும்வரை.

போர்க்காலம் அது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு கணினி வகுப்பில் நானும் சுபாஷினியும் படிப்பித்துக்கொண்டிருந்தோம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இருந்த நண்பன் நிஹாரையும் சேர்த்துக்கொண்டு, தமிழில் தட்டச்சு செய்ய ஓர் இலவச மென்பொருள் எழுதினோம். திறந்த மூலம். உலகில் யாரும் பார்க்கலாம், திருத்தலாம். (உலகம் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேர்தான் பார்த்தோம்.)

ஒருவர் எதையாவது திருத்தினால், முழு நிரலையும் அனுப்பாமல் மாறிய இடங்களை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்புவது வழக்கம். அதற்குப் பெயர் பேட்ச். ஆனால் மூதூருக்குத் தொலைபேசி வேலை செய்யாது. நிஹாரின் கணினியில் பிளொப்பி போடும் இடத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. ஆகவே எங்கள் பேட்ச் தாளில் அச்சாகி, லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறிக் கடல் கடந்து போகும். நிஹார் அதைப் பார்த்துக் கையால் அடிப்பான்.

எந்த வடிவில் அனுப்புவது என்பதில்தான் சண்டை. வரி எண்ணையும் புதிய வரியையும் மட்டும் காட்டுவது ஒரு வடிவம். மாறிய இடத்துக்கு முன்னுக்கு மூன்று வரி, பின்னுக்கு மூன்று வரி சேர்த்துக் காட்டுவது இன்னொன்று.

"வெறும் நம்பரைப் பாத்து ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது," என்றாள் சுபாஷினி.

"நிஹாரின்ர விரலையும் யோசியுங்கோ," என்றேன்.

நிஹாரிடம் கேட்டனுப்பினோம். "எதை அடிக்கிறது குறைவோ அதுதான் மச்சான்" என்று பதில் வந்தது. இனிமேல் சுருக்க வடிவமே திட்டத்தின் இயல்பு வடிவம் என்று தலைவர் அறிவித்தார். (தலைவர் நான்தான். என்னைத் தெரிவு செய்ததும் நான்தான்.)

பிறகு அந்த மத்தியானம் வந்தது. அடுத்த நாள் காலை மூதூரில் ஒரு பாடசாலை அதிபருக்கு நிஹார் மென்பொருளைக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் எங்களுக்கு முதல் பாடசாலை கிடைக்கும். ஆனால் 'கொ' அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் அரவு என்கிற துணைக்கால் வேறிடத்திலும் போய் நின்றன. அதற்கான திருத்தத்தை அச்செடுத்துக்கொண்டு கடைசி லோஞ்சைப் பிடிக்க ஓடினேன்.

சோதனைச் சாவடி அதிகாரி தாளை விரித்தார். 112,115d. 34c. இப்படியே கீழ்வரை.

"இந்த நம்பர் என்ன? கடல்ல இடமா?"

"இல்லை சேர், வரி. நூற்றிப் பன்னிரண்டில இருந்து நாலு வரியை எடுத்துவிடுறது."

"அதுல என்ன இருக்கு?"

தாளைப் பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்த வடிவம் நீக்குகிற வரியைக் காட்டவே காட்டாது.

"தெரியாது, சேர்."

"நீ எழுதினது, உனக்கே தெரியாதா?"

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். வகுப்புக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

சுபாஷினி சைக்கிளில் வந்து இறங்கினாள். கையில் அதே திருத்தம், அவளுடைய வடிவத்தில். (தலைவரின் அறிவித்தலை அவள் பொருட்படுத்தவே இல்லை.) அதிகாரி வாசித்தார். மாறிய வரிக்கு மேலே க, கா, கி, கீ என்று வரிசையாக இருந்தது.

"அட, தமிழ் எழுத்து!" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது இருக்கும்போது ஏன் அதைக் கொண்டுவந்த?"

"சுருக்கமா இருக்கும் எண்டு, சேர்."

சுபாஷினி கடலைப் பார்த்தாள். அங்கே கடைசி லோஞ்ச் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அதிபர் நிஹாரிடம், "எங்கட பகுதிட பழைய பேரை அடிச்சுக் காட்டுங்க, கொட்டியாரம்," என்றாராம். நிஹார் மேசைக்குக் கீழே காலை விட்டு வயரைப் பிடுங்கிவிட்டான். "கரண்ட் போயிட்டு சேர்." தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததாம். அதிபர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த கிழமை வரச் சொன்னார். அதற்குள் சுபாஷினியின் தாள் போய்ச் சேர்ந்தது, பாடசாலையும் கிடைத்தது. இயல்பு வடிவம் மாறியது. தலைவரும் மாறினார்.

சில வருடங்களுக்குப் பிறகு, அதே இறங்குதுறையில் நின்று சுபாஷினியிடம், "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? முன்னுக்கு மூண்டு வரி சொல்லுங்கோ," என்றாள்.

வியர்த்து விறுவிறுத்துச் சொன்னேன். "ஓம்," என்று மட்டும் சொன்னாள். (அவள் மட்டும் சுருக்கமாகப் பேசலாம்.)

இப்போது நான் எந்தக் கதையை நடுவில் தொடங்கினாலும் எங்கள் மகள் மூன்று விரலைத் தூக்குவாள். இந்தக் கட்டுரையை நான் முதலில் பத்து வரியில்தான் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்த மகள் மூன்று விரலையும் தூக்கினாள்.