கதவைத் திறந்து வை

"இந்தக் கோப்புல, பழைய குமாஸ்தா வீட்டுக்கு மெயில் போறதுக்குன்னு தனியா ஒரு வரி இருக்கு அண்ணே. அதுல சர்வர் பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு," என்றான் புதுக் குமாஸ்தா.

"வை புள்ளியை," என்றார் கம்பளி.

கம்பளி என்பது கிடங்கு மேற்பார்வையாளரின் பட்டப்பெயர். மீனும் பழமும் உறைந்து கிடக்கும் அந்தக் குளிர்பதனக் கிடங்கில், அவர் கழுத்துத் துண்டைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியில் எப்போதும் பனி. எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

மூலையில் இருந்தது பழைய கணினி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையைத் தட்டினால் மின்னஞ்சல் போகும். யாருக்கு, எந்தப் பெயரில், எந்த வழியாக என்பதெல்லாம் ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் வரிவரியாக இருக்கும். அதை எழுதிவைத்தவர் பழைய குமாஸ்தா. போன மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிவிட்டார். நாற்காலியை மாற்ற முதலாளிக்கு மனம் வரவில்லை. நல்ல நாற்காலி.

தினமும் கணினியைத் திறந்ததும் 'அனுப்பப்படாதவை உள்ளன' என்று ஒரு வரி வந்து நிற்கும். அதை ஒழித்துக்கட்டினால் முதலாளி மெச்சுவார், வேலை நிரந்தரமாகும், மாமனார் வீட்டு மாடியை விட்டு மனைவியோடு தனிக்குடித்தனம் போகலாம். இவ்வளவும் அந்த ஒரு புள்ளியில் இருப்பதாகப் புதுக் குமாஸ்தாவுக்குத் தோன்றியது.

வைத்தான். கணினி மெல்ல முனகியது. திரையில் ஒன்றுமே வரவில்லை.

"வேலை செஞ்சுதா?"

"செஞ்சிருக்கும் அண்ணே. சரியாப் போனா இது வாயே திறக்காது. தப்பானாத்தான் பேசும்."

"நம்ம முதலாளியேதான்," என்றார் கம்பளி.

காலையிலிருந்தே கழுத்தை யாரோ ஒரு பக்கமாகப் பிடித்து இழுப்பது போலிருந்தது. குளிர்தான் என்று நினைத்துக்கொண்டு உதறினான். தொலைபேசி அடித்தது. பழைய குமாஸ்தாவின் மகள்.

"யாருங்க எங்கப்பா பேர்ல மெயில் அனுப்புறது? 'மழை வரும்போல, துணியை எடுத்துடு'ன்னு வருது. அம்மா ஓடிப்போய் எடுத்துட்டாங்க!"

"மன்னிச்சுக்கோங்க, ஏதோ பழைய..."

"எடுத்ததும் மழை கொட்டுதுங்க இங்க!"

அவன் ஜன்னலைப் பார்த்தான். கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"அடுத்தது இப்ப வந்துச்சு. 'கிளம்பிட்டேன், கதவைத் திறந்து வை.' அம்மா வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

அவனுக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்தக் குளிரில் வேர்ப்பது லேசான காரியமில்லை. கோப்பைத் திறந்து, அந்த வீட்டு முகவரியை அழித்தான். முகவரி இல்லையென்றால் கடிதம் எங்கே போகும்?

எல்லாருக்கும் போகும். முகவரி காலியானால் வாடிக்கையாளர் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பு என்று கோப்பின் அடியில் இன்னொரு வரி இருந்தது. அவசரத்தில் யார் அடிவரை படிக்கிறார்கள்?

மீன் வியாபாரி கூப்பிட்டார். "என்னய்யா, கிளம்பியாச்சுன்னு எழுதியிருக்கே? குளிர் அறைக்கதவைத் திறந்து வெச்சு எவ்வளவு நேரம் நிக்கிறது? இருக்கிற மீனும் உருகுது!"

"மூடுங்க சார், மூடுங்க! சரக்கு எதுவும் வரலை!"

"அப்ப யாரு வர்றது? கீழ பேர் போட்டிருக்கே. அந்த ஆளு செத்துட்டாரில்ல?"

எதிர்முனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, ஒரு தடவை அல்ல.

இருக்கிற வாடிக்கையாளர்களையெல்லாம் பேய் பிடித்து ஆட்டுவதற்கு ஒரு வீடே மேல் என்று பழைய முகவரியைத் திரும்பப் போட்டான். இறந்தவர் பெயர் இருப்பதுதானே பயம்? அதை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டான்.

மகள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"யோவ், யாருய்யா நீ? நீ கிளம்பி வர்றதுக்கு எங்கம்மா எதுக்குக் கதவைத் திறந்து வைக்கணும்?"

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. வழக்கமாக வாய் திறக்காதவர் திறந்தார். "இன்னிக்கே நேர்ல போய் அந்த அம்மா கால்ல விழு. அவங்க மன்னிச்சா நாளைக்கு வா. இல்லேன்னா வராதே."

அனுப்பப்படாதவற்றின் வரிசை காலியாகிவிட்டதா என்று பார்த்தான். காலி. கணினியை அணைத்தான். மின்கம்பியையும் பிடுங்கிப் போட்டான். பிடுங்கிய பிறகும் முனகல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

மழை விட்டிருந்தது. பழைய குமாஸ்தாவின் தெருவில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒரு கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது.

"வாங்க தம்பி," என்றார் உள்ளே இருந்த அம்மா. அவனை மேலும் கீழும் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. மேசையில் ஒரு கோப்பை தேநீர், ஆவி பறக்க, யாருக்கோ காத்திருந்தது.

நின்றபடியே சொல்லி முடித்தான். "ஐயா தினமும் சாயங்காலம் உங்களுக்கு எழுதியிருக்காரும்மா. ஒரு புள்ளி இல்லாததால எதுவும் போகலை. அது அப்படியே சேர்த்து வெச்சிருக்கு. நான் புள்ளியை வெச்சதும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எல்லாம் வந்துடுச்சு. மெயில்ல மேல விழுறது அனுப்பின தேதி, எழுதின தேதி இல்ல."

"தினமுமா எழுதினாரு?"

"தினமும்தாம்மா."

அந்த அம்மா திறந்திருந்த கதவைப் பார்த்தார். "சொல்லாம கொள்ளாம வந்து வாசல்ல நிப்பாரு. 'கதவு ஏன் சாத்தியிருக்கு'ன்னு கோபம் வேற. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்னன்னு நானும் மூஞ்சியைத் திருப்பிக்குவேன். இப்படியே காலம் போயிடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க முதலாளிகிட்ட நான் பேசறேன். நீங்க நாளைக்கு வேலைக்குப் போங்க. முதல்ல டீயைக் குடிங்க."

அவனுக்கு உயிர் வந்தது. கோப்பையை எடுத்தான்.

மூலையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"வந்ததெல்லாமே பழசுதானே?"

"பழசுதாங்க. கணினியை அணைச்சு, கம்பியையும் பிடுங்கிட்டுத்தான் கிளம்பினேன்."

"அப்ப, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துதே, இது? 'புதுசா வந்த தம்பி கிளம்பிட்டாரு, கதவைத் திறந்து வை. டீ போட்டு வை. காலையிலேர்ந்து சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்காரு, நானும் கழுத்தைப் பிடிச்சு இழுத்துப் பார்த்துட்டேன், அவருக்குப் புரியலை. நீயாவது சொல்லிடு.'"